முன்பக்கம் ‘டொக் டொக்’: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சத்தத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஏறும்போது எஞ்சின் முக்கலில் வேறு எதுவும் காதில் விழாது. இறங்கும்போதுதான், செகண்ட் கியரில் வண்டி மெதுவாக உருளும்போது, முன்பக்கத்திலிருந்து ‘டொக்… டொக்’ என்று ஒன்று ஆரம்பிக்கும். கீழே கல்லிடைக்குறிச்சி வந்து தார் ரோட்டில் ஏறியதும் அது நின்றுவிடும். சரி, ஒன்றுமில்லை என்று நாமும் மறந்துவிடுவோம். அடுத்த மாதம் வீட்டுத் தெருவிலேயே கேட்கும்.

என்னுடையது 2012 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்தச் சத்தத்துக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் புஷ், அதாவது அதன் இணைப்பில் இருக்கும் ரப்பர் உறை என்றார்கள், அதையும் மாற்றியாயிற்று. சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் சேரன்மகாதேவிப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சாவியை வாங்கி, கன்னடியன் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தார். “தம்பி, ஷாக்கு என்ன பாவம் பண்ணிச்சி? அத ஏன் மாத்துனிய?” என்று கேட்டுக்கொண்டே கீழே படுத்தார். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். அதன் முனையை இணைக்கும் லிங்க்கின் ரப்பர் புஷ் ஒன்று தேய்ந்து பாதியாகியிருந்தது. நான் மாற்றிய சாமான்களிலேயே விலை குறைந்தது அதுதான்.

சேஸ் இரும்பு சத்தத்தைக் கடத்தும். இடது பக்கம் தட்டுவது டிரைவர் காலடியில் கேட்கும். அதனால் காதை நம்பிச் சாமான் வாங்கக் கூடாது, சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அவரிடம் கற்றதையும் பிறகு நானே படுத்துப் புரண்டு தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் வண்டி எந்த வகை?

2010இல் வந்த தார் சிஆர்டிஇ வண்டிகளில் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் கம்பியான டார்ஷன் பார், கூடவே ஸ்டெபிலைசர் பார். தார் டிஐ, எம்எம் 540 போன்ற வண்டிகளில் முன்னாலும் ஒரே கட்டை ஆக்சில்தான். அதை ஸ்பிரிங் பட்டைகள் தாங்குகின்றன. இரண்டிலும் சத்தம் வரும் இடங்கள் வேறு. கீழே சொல்வது பெரும்பாலும் முதல் வகைக்கு. பட்டை வண்டிக்குப் பின்னால் தனியாக வருகிறேன்.

முதல் வேலை: வண்டியைக் காலி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். ஜாக்கி, வீல் ஸ்பானர், டூல் பை, தண்ணீர்க் கேன், டேஷ்போர்டில் கிடக்கும் சில்லறை எல்லாவற்றையும் இறக்குங்கள். சீட்டுக்கு அடியில் கிடந்த மம்பட்டியைச் சஸ்பென்ஷன் என்று நினைத்து அரை நாளை வீணாக்கியவன் நான். அப்புறம் பானெட் பூட்டு, பேட்டரி கிளாம்ப், ஸ்டெப்னி, சைலன்ஸர் ரப்பர், அதன் மேல் தகடு ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியாக இருந்தால் அந்தக் கதவின் கீலையும் பாருங்கள்.

இன்னொன்று, இரு சக்கர ஓட்டத்துக்கும் நான்கு சக்கர ஓட்டத்துக்கும் மாற்றும் டிரான்ஸ்ஃபர் லீவர் டூ ஹெச்சில், அதாவது இரு சக்கர நிலையில் இருக்கிறதா? முன்பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர நிலையான ஃபோர் ஹெச் போட்டு வளைத்தால் முன்பின் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அதில் வரும் இழுவையும் ‘டக்’கும் சஸ்பென்ஷன் கோளாறு இல்லை, ஓட்டுகிறவர் தவறு.

ஓட்டிக்கொண்டே கண்டுபிடிப்பது

பாதிக் கோளாறு இங்கேயே பிடிபட்டுவிடும் என்பதால் இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மண் பாதை, ஒரு வேகத்தடை, ஒரு நல்ல ரோடு இருந்தால் போதும். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை நடக்கவிட்டால் எந்தப் பக்கம் என்று அவர் சொல்வார்.

வேகத்தடையில் முதலில் நேராக ஏறுங்கள், இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கட்டும். பிறகு சாய்வாக வாருங்கள், ஒவ்வொரு சக்கரமாக ஏறட்டும். நேராகப் போகும்போது சத்தமில்லை, சாய்வாகப் போகும்போது ‘டொக்’ என்றால் சந்தேகம் முதலில் ஸ்டெபிலைசர் பார் மேல். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அந்த பார் முறுகாது, சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால்தான் அது முறுகி லிங்க்கை இழுக்கும். கால்வாய்க் கரையில் பெரியவர் செய்தது இதைத்தான். வேகத்தடைக்குப் பதிலாக அங்கே வண்டித் தடமே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்.

அடுத்து, சத்தம் வரும் நேரத்தில் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். அந்த நொடியே சத்தம் நின்றால் அது பிரேக் பேட் ஆட்டம் அல்லது பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி (பின்) தேய்மானம். சஸ்பென்ஷனில் கை வைக்கவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு ‘டங்’ வந்தால் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் கியர் மாற்றி கிளட்ச்சை விடும்போது மட்டும் வந்தால் எஞ்சின் மவுண்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் யூ ஜாயின்ட் பக்கம் போங்கள்.

வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ஊ…’ என்ற முனகல் வீல் பேரிங்காகவோ டயராகவோ இருக்கும். நாற்கரச் சாலையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து லேசாக இடப்பக்கம் வளையுங்கள். எடை வலது சக்கரத்தில் சாயும். அப்போது முனகல் கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது பேரிங். டயர் என்றால் வளைவதால் பெரிய வித்தியாசம் தெரியாது, ரோடு மாறினால்தான் தெரியும். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகச் சுற்றும்போது ‘கிளிக் கிளிக்’ என்று தாளம் போட்டால் சக்கரம் ஒடியும்போதும் ஆக்சிலைச் சுழலவிடும் மூட்டான வெளிப்பக்க சிவி ஜாயின்ட்.

‘கிரீச்’ என்று கதவுக் கீல் போல முனகுவது காய்ந்த ரப்பர் அல்லது கிரீஸ் வற்றிய பால் ஜாயின்ட், அதாவது ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டு. இதற்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீரைப் பீச்சிவிட்டு வண்டியை அமுக்கி ஆட்டுங்கள். எதை நனைத்ததும் முனகல் அடங்குகிறதோ அதுதான் ஆள். குற்றால சீசன் சாரலில் அடங்கி, சித்திரை வெயிலில் திரும்பி வரும் சத்தமும் இந்த ரகம்தான்.

கீழே படுப்பதற்கு முன்

சிமென்ட் தரை வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை. பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்தியும் பயனில்லை, வண்டி உருளும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியபின் சேஸுக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து அதன் மேல் எடையை இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

டார்ஷன் பார் வண்டியில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்தக் கம்பி எந்நேரமும் முறுக்கேறி நிற்கிறது. கீழ் ஆர்முக்கு முட்டுக் கொடுக்காமல் பால் ஜாயின்ட் நட்டைக் கழற்றினால் ஆர்ம் சாட்டை போல அடிக்கும். முறுக்கு இறங்கும்வரை எதையும் கழற்றாதீர்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போது ஒரு சோதனை

எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டட்டும். நீங்கள் ஸ்டீரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனையான டை ராடு எண்ட், ஸ்டீரிங் லிங்க், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட், ஸ்டீரிங் தண்டின் கீழுள்ள யூ ஜாயின்ட் என்று ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் பாருங்கள். நல்ல ஜாயின்ட் இரண்டு பக்கமும் சேர்ந்து அசையும். கெட்டதில் ஒரு பக்கம் அசைந்த பிறகு மறுபக்கம் அசையும், அந்த இடைவெளி கையில் ‘டிக்’ என்று தட்டும். ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைத் தூக்கியபின்

முன் சக்கரத்தின் மேலும் கீழும், அதாவது 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், ஏனென்றால் பிரேக் ஹப்பை, அதைத் தாங்கும் நக்கிளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயின்ட், கட்டை ஆக்சில் வண்டியில் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின். பிறகு 9 மணி, 3 மணி இடங்களில் ஆட்டுங்கள். இதில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்ட். நான்கு இடத்திலும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் பேரிங்.

பால் ஜாயின்ட்டைச் சோதிக்கும்போது ஜாக்கி எங்கே நிற்கிறது என்பது முக்கியம். எடையைச் சுமக்கும் பால் ஜாயின்ட் இறுகிப்போய் நல்லது போல நடிக்கும். டார்ஷன் பாரின் முனை எந்த ஆர்மோடு சேர்கிறது என்று படுத்துப் பாருங்கள். கீழ் ஆர்மோடு சேர்ந்திருந்தால், கீழ் ஆர்மின் வெளி ஓரத்தில், பால் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். இப்போது ஜாயின்ட் மேல் எடை இல்லை. டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினால் உண்மை தெரியும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் காலம் முடிந்தது என்றே கணக்கு. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துச் செம்மண் தூசி கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் வேலை செய்யும்.

ஆர்ம் புஷ்களுக்கு டார்ச்சும் நெம்புகோலும் போதும். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா, ஒரு பக்கம் பிதுங்கியிருக்கிறதா, நெம்பினால் இரும்போடு இரும்பு முட்டுகிறதா என்று பாருங்கள். மேலோட்டமான சிறு வெடிப்பு பழைய ரப்பரில் சகஜம், அதற்காக மாற்ற வேண்டாம். போல்ட்டைச் சுற்றிப் பளபளப்பாகவோ துருப்பொடி சிந்தியோ இருந்தால் அது லூசாக இருந்து ஆடிய அடையாளம். உவரி, இடிந்தகரை மாதிரி கடலோர ஊர்களில் நின்ற வண்டி என்றால் உப்புக் காற்றில் புஷ்ஷின் இரும்புக் குழாய் போல்ட்டோடு ஒட்டியே போயிருக்கும். கழற்ற ஒரு நாள் முன்பே துரு இளக்கி எண்ணெய் அடித்து வையுங்கள்.

ஸ்டெபிலைசர் பார் மேல் சந்தேகம் இருந்தால் இன்னும் நிச்சயமான வழி, இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, தொங்கும் பாரை எதிலும் தட்டாமல் கட்டிவைத்து, அதே மண் பாதையில் மெதுவாக ஓட்டுவது. சத்தம் போயிருந்தால் தேடல் முடிந்தது. லிங்க் இல்லாமல் வண்டி வளைவில் அதிகமாகச் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஷாக் அப்சர்பரைக் கடைசியில் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி சேறுபோல் அப்பியிருந்தால் அது முடிந்த ஷாக். ஆனால் முடிந்த ஷாக் பெரும்பாலும் வண்டியைத் துள்ள வைக்குமே தவிர ‘டொக்’ என்று தட்டாது. தட்டுவது அதன் மேல், கீழ் முனை ரப்பர்கள், அல்லது சரியாக இறுக்காத நட். கழற்றி நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கு நான்கைந்து முறை இழுத்து அமுக்குங்கள். நடுவில் எங்காவது பிடியில்லாமல் தொப்பென்று விழுந்தால் மாற்றுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

‘முன்னாடி கொஞ்சம் தூக்கிக் கொடுங்க’

நம் ஊரில் தார் வாங்கிய முதல் வாரமே பலர் செய்கிற காரியம் இது. டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்துவார்கள், செலவே இல்லை. வண்டி எடுப்பாகத்தான் நிற்கும். ஆனால் ஆர்ம் ஏற்கெனவே கீழ் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுவதால் சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லை. சிறு குழியில்கூட ஆர்ம் தடுப்பு ரப்பரில் போய் ‘டங்’ என்று முட்டும். ஆக்சில் கோணம் கூடி சிவி பூட் கிழியும். எந்தச் சாமானை மாற்றினாலும் இந்தச் சத்தம் போகாது, போல்ட்டைத் திருப்பி இறக்கினால் போய்விடும். பழைய வண்டி வாங்கியிருந்தால் முந்தைய சொந்தக்காரர் இதைச் செய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கைபடும் முன் அந்த போல்ட்டின் வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதி வையுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இங்கேதான் பல ஒர்க்‌ஷாப்புகளில் தவறு நடக்கிறது. எனக்கு மாற்றிய லோயர் ஆர்ம் புஷ் ஒரு வருடம்கூடத் தாங்காததற்கு இதுதான் காரணம். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நின்றாலும் ஓடினாலும் புஷ் முறுகியே கிடக்கும். சீக்கிரம் கிழியும், முனகும். சரியான முறை: போல்ட்டைக் கையால் முடுக்கி விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கி ஆட்டி, வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு. மெக்கானிக் பக்கத்தில் நின்று இதைச் சொல்லுங்கள். “அதெல்லாம் பாத்துக்கிடலாம்” என்பார். விடாதீர்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க பிரஸ் வேண்டும். லேத் பட்டறையில் செய்து தருவார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஆர்மின் கண் கோணும். புதிய புஷ்ஷை உள்ளே தள்ள சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம்.

டை ராடு எண்ட் மாற்றும்போது பழையதைக் கழற்ற எத்தனை சுற்று ஆயிற்று என்று எண்ணி, புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். அலைன்மென்ட் சென்டர்வரை வண்டி நேராகப் போய்ச் சேரும். பள்ளம் வெட்டிய நட்டில் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது. ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. டார்ஷன் பாரைக் கழற்ற நேர்ந்தால் பாரிலும் ஆர்மிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். ஒரு பல் மாறினாலும் உயரம் மாறும். இடது வலது பார்களை மாற்றிப் போடாதீர்கள்.

பட்டை வண்டி வைத்திருப்பவர்களுக்கு

எம்எம் 540, தார் டிஐ வைத்திருப்பவர்கள் முதலில் பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டைப் பாருங்கள். அது தளர்ந்தால் பட்டைக்கட்டு ஆக்சில் மேல் நகரும், பிரேக் பிடிக்கும்போது ‘டங்’ வரும். தளர்ந்த யூ போல்ட் நடு போல்ட்டை அறுத்துவிடும், பிறகு ஆக்சிலே ஒரு பக்கம் பின்னால் போகும். அடுத்து பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளின் ஊசியும் (பின்) அதன் புஷ்ஷும். வண்டி எடையைத் தூக்கிவிட்டு நெம்பினால் ஆட்டம் தெரியும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணைத்தான் உள்ளே தள்ளுகிறீர்கள். பட்டைகளின் பக்கவாட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால் உடைந்த பட்டை தெரியும். முறிவு பெரும்பாலும் நடு போல்ட் துளையை ஒட்டியே இருக்கும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் விழுந்திருந்தாலும் கட கடவென்று சத்தம் வரும். அதற்கு வெல்டிங் வேண்டாம். வெல்டிங் சூட்டில் பட்டையின் முறுக்கே போய்விடும்.

ஒரு பழக்கத்தை விடுங்கள்

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் அடித்துவிடச் சொல்வோம். அன்றைக்குச் சத்தம் அடங்கும். ஆனால் டீசலும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதி மென்மையாக்கிவிடும், சில மாதங்களில் புஷ் கையோடு வரும். துருவுக்குப் பயந்தால் சேஸுக்கு மட்டும் ஏதாவது பூசுங்கள். ரப்பர் முனகினால் சிலிக்கான் கிரீஸ் போடலாம்.

வேலை முடிந்தபின்

பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், ஆர்ம் புஷ், டார்ஷன் பார், இவற்றில் எதைத் தொட்டிருந்தாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். லிங்க் புஷ்ஷும் ஷாக்கும் மட்டும் என்றால் தேவையில்லை. பிறகு முதலில் சத்தம் கேட்ட அதே பாதையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அது கால்வாய்க் கரை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருப்பவர்களுக்கு ஈரடுக்கு மேம்பாலத்தின் இணைப்புகளே போதும், ஒவ்வொரு இணைப்பும் ஒரு சோதனை.

கழற்றி இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டோடு சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 300 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், யூ போல்ட் மாற்றியவர்கள் 500 கிலோமீட்டரில் கட்டாயம் மறுபடி இறுக்க வேண்டும். கோடு நேராக இருந்தால் எழுந்து கையைக் கழுவலாம். விலகியிருந்தால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை படுக்க வேண்டியதுதான்.